நிலுவையில் ஒருவன்

அயலார் அனுசரணை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம்கூட நிலுவையில் இருந்தது கிடையாது. பெங்களூரில் ஒக்கலிபுரம் பாலத்தை ஒட்டி, கீழே டயர் கடையும் மூன்றாம் மாடியில் இந்த அலுவலகமும் உள்ள கட்டடத்தில் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு மின்பலகைதான். ‘இன்றைய நிலுவை’ என்ற எழுத்துகளுக்குக் கீழே சிவப்பாக ஒரு பூஜ்யம் எரிந்துகொண்டிருக்கும். கரண்ட் போனாலும் அது அணையாது, அதற்கென்று தனி யுபிஎஸ் வைத்திருந்தார்கள். லிஃப்டுக்கு அந்த வசதி இல்லை. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் பூஜ்யத்தைப் பார்த்து ஆறுதல் அடையலாம்.

இந்தப் பூஜ்யத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை வாங்கினால்தானே நிலுவை? வருகிறவர் பேனாவை மூடி பையில் வைப்பதற்குள் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் கலையை அங்கே எல்லாரும் நன்றாகப் பழகியிருந்தார்கள். புகைப்படத்தில் காது தெரியவில்லை என்பார்கள். காது தெரியும்படி எடுத்துக்கொண்டு போனால், இவ்வளவு தெரியக் கூடாது என்பார்கள். இதற்காக வருடம் தவறாமல் டெல்லியிலிருந்து ஒரு கோப்பை வரும். அதன் பெயரே பூஜ்யக் கோப்பை.

இந்த இடத்துக்குத்தான் டெஸ்மண்ட், மாடி அறையில் குடியிருக்கும் பையனை அழைத்துக்கொண்டு, மனைவி பிரிஜெட்டுடன் வந்து சேர்ந்தார். டெஸ்மண்ட் அல்சூரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஆர்டிஓ ஆபீஸில் பாதி வாழ்க்கையைக் கழித்தவர் என்பதால், எந்த அரசாங்க அலுவலகமும் தன்னை ஏய்க்க முடியாது என்று நம்பிக்கொண்டிருந்தார். பாவம்.

பையன் என்று சொன்னாலும் மார்க்கியானுக்கு இருபத்தேழு வயது. உக்ரைன்காரன். 2022 பிப்ரவரியில் ஹம்பி பார்க்கலாம் என்று மூன்று வார லீவில் வந்தான். லீவு முடிவதற்குள் அவன் ஊரில் யுத்தம் வந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு என்று பிரிஜெட் மாடி அறையைக் கொடுத்தாள். அந்த வாரம் இப்போது நாலாவது வருடத்தில் நடக்கிறது. போலந்தில் இருக்கும் அக்கா அனுப்பும் பணத்தில் சாப்பிட்டுக்கொண்டு, பிரிஜெட்டிடம் தமிழ் பேசக் கற்றுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு போவான். பிள்ளையில்லாத வீட்டில் அவன் என்னவாக ஆகிப்போனான் என்பதை விளக்கத் தேவையில்லை.

விசாவை முதலில் பரிதாபத்தில் நீட்டிக் கொடுத்தார்கள். பிறகு பரிதாபம் தீர்ந்துவிட்டது. இப்போது அவனுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: இந்தியாவில் ஆறு மாதம் சட்டப்படி தங்கலாம் என்ற முத்திரை. அவனுடையது பழைய மாதிரி பாஸ்போர்ட், விசா இல்லாமல் போலந்துக்குள் விட மாட்டார்கள். அந்த முத்திரை விழுந்தால், இங்கிருந்தபடியே போலந்துக்கு விண்ணப்பித்து அக்காவிடம் போய்விடலாம். விழாவிட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும். அவன் வயது ஆண்பிள்ளை ஊருக்குப் போனால் எல்லையிலேயே பிடித்து, பட்டாள உடுப்பைக் கொடுத்து, சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கூடப் படித்தவர்களில் பலர் அப்படிப் போய் மண்ணுக்குள் இருக்கிறார்கள். மார்க்கியான் தன்னை வீரன் என்று எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை.

“எனக்கு சாகறதுக்கு பயம், அங்கிள்” என்பான். அதைச் சொல்லும்போது வெட்கப்படவும் மாட்டான். எனக்கு அவனிடம் பிடித்தது அதுதான்.

அவர்கள் போன நாள் ஆயுத பூஜைக்கு முந்தின நாள். மறுநாள் விடுமுறை என்பதால் அலுவலகப் பூஜையை அன்றைக்கே வைத்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு. வாசலில் உடைப்பதற்குத் தயாராகப் பூசணிக்காய். ‘வாய்ப்புகள் வழிகாட்டி’ என்ற கவுண்டரில் ஸ்ரீவித்யா என்ற அதிகாரி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தார்.

“வாங்க சார். மொத்தம் பதினாலு ஆப்ஷன் இருக்கு. எங்களுக்கு வழியே இல்லன்னு யாரும் சொல்லிறக் கூடாது பாருங்க” என்றார் பெருமையாக. “ஸ்டூடண்ட்?”

“படிச்சு முடிச்சிட்டான் மேடம்” என்றார் டெஸ்மண்ட்.

“அய்யய்யோ. மலை ஏறுவாரா? மவுண்டனீரிங் ஆப்ஷன் பூரா காலியா கெடக்குது. யாருமே கேக்கறதில்ல.”

“இல்ல மேடம்.”

“சினிமால நடிப்பாரா? சரி விடுங்க. நோய் ஏதாவது இருக்கா?”

“கடவுள் புண்ணியத்துல ஒண்ணும் இல்ல” என்றாள் பிரிஜெட்.

“நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா. கிட்னி? ஹார்ட்?” ஸ்ரீவித்யா மார்க்கியானை மேலும் கீழும் பார்த்தார். அவன் நல்ல உயரம், கன்னம் வேறு சிவந்திருந்தது. அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. “இவ்ளோ ஆரோக்கியமா வந்து நின்னா நாங்க எப்பிடி சார் உதவி பண்றது?”

“ஊருக்குப் போனா செத்துருவான் மேடம்.”

“அது அங்க போனப்புறம் ஆகறது. இங்க இருக்கறப்பவே வர்ற நோய்தான் மெடிக்கல்ல வரும். அடுத்தது கல்யாணம். உங்க வீட்ல பொண்ணு?”

“எங்களுக்குப் புள்ளைங்க இல்ல.”

ஸ்ரீவித்யா யோசித்தார். உதவி செய்ய வேண்டும் என்ற ஆர்வம் உண்மையிலேயே அந்த அம்மாளுக்கு இருந்தது, இல்லையென்று சொல்லக் கூடாது. பிரிஜெட்டை ஒருமுறை பார்த்தார்.

“ஒண்ணு பண்ணலாம். நீங்க சாரை டிவோர்ஸ் பண்ணிட்டு இவரைக் கட்டிக்கோங்க. ரூல்ல வயசு வரம்பு கெடையாது. சாரே சாட்சிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலாம், வெளியாள் தேட வேண்டாம்.”

ஐம்பத்தெட்டு வயது பிரிஜெட் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். டெஸ்மண்ட் அவசரமாகப் பேச்சை மாற்றினார்.

“என்னா மேடம், போர்னால வீடு போனவங்களுக்குன்னு ஏதோ ஸ்கீம் இருக்குதாமே? பேப்பர்ல பாத்தேன்.”

“இருக்கே! ‘அடைக்கலக் கரங்கள்.’ நம்ம ஆபீஸோட பெருமையே அதான். இதுவரைக்கும் ஒரு அப்ளிகேஷன்கூட நிலுவை இல்ல. வீடு இடிஞ்ச போட்டோ இருக்கா?”

மார்க்கியான் போனை நீட்டினான். பக்கத்து வீட்டுக்காரர் அனுப்பிய படம். ஐந்து மாடிக் கட்டடம் நடுவில் பிளந்து கிடந்தது. மூன்றாம் மாடியில் அவன் அம்மாவின் சமையலறைச் சுவர் மட்டும் நின்றது. அம்மா இல்லை.

ஸ்ரீவித்யா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல இவரைக் காணோமே? இடிஞ்ச வீட்டு முன்னாடி அப்ளிகண்ட் நிக்கற மாதிரி இருக்கணும். முகம் தெளிவா, ரெண்டு கண்ணும் தொறந்து.”

“அவன் இங்கதானே மேடம் இருந்தான்?”

“போய் எடுத்துட்டு வரட்டும்.”

“போனா திரும்பி வர முடியாது மேடம். அங்க சண்டை நடக்குது.”

“அதுக்குத்தான் சார் இந்த ஸ்கீமே வெச்சிருக்கோம்.”

இதற்கு மேல் டெஸ்மண்டின் ஆர்டிஓ அனுபவத்தில் பாடம் இல்லை. விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. பொரியும் சுண்டலும் பங்கு பிரிக்கிறார்கள் என்று அர்த்தம். தாமதித்தால் பொரி மட்டும்தான் மிஞ்சும். ஸ்ரீவித்யா அவசரமாக ‘திருப்பப்பட்டது’ முத்திரையைத் தேடி, பூஜைத் தட்டில் கை வைத்து, கையில் அகப்பட்டதை எடுத்துக் குத்திவிட்டு எழுந்தார்.

இங்கேதான் விபரீதம் நடந்தது. அந்த அலுவலகத்தில் ‘பெறப்பட்டது’ என்று ஒரு முத்திரை உண்டு. அதைக் குத்தினால் மின்பலகையில் எண் தானாக ஏறும், ரசீதும் தானாக வந்து விழும். வருடம் முழுக்க பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள். ஆயுத பூஜையன்று மட்டும், மற்றக் கருவிகளோடு அதுவும் ஒரு கருவிதானே என்ற மரியாதைக்காக, வெளியே எடுத்துக் கழுவிக் குங்குமம் வைத்துத் தட்டில் அடுக்குவார்கள். டெஸ்மண்ட் வைத்த விண்ணப்பத்தில் குங்குமத்தோடு சேர்ந்து விழுந்தது அந்த முத்திரைதான்.

மின்பலகையில் பூஜ்யம் அணைந்தது. ஒன்று எரிந்தது.

சுண்டல் தொன்னையோடு வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ஒரு குமாஸ்தா பலகையின் பிளக்கைப் பிடுங்கினார். தனி யுபிஎஸ் அல்லவா, ஒன்று அசையாமல் எரிந்தது. பூசணிக்காயைச் சீக்கிரம் உடையுங்கள் என்று யாரோ கத்தினார்கள். உடைத்தார்கள். ஒன்று போகவில்லை. ஸ்ரீவித்யா மயங்கி விழுந்தார். பிரிஜெட்தான் தண்ணீர் தெளித்து எழுப்பினாள். கண் விழித்ததும், “அந்த ரசீதைக் குடுத்துருங்கம்மா, கிழிச்சிரலாம்” என்றார். ஆனால் டெஸ்மண்ட் ரசீதை ஏற்கெனவே சட்டைக்குள் வைத்துவிட்டார்.

மறுவாரம் அல்சூர் வீட்டு வாசலில் அரசாங்கக் கார் வந்து நின்றது. இறங்கியவர் துணை ஆணையர் சேஷகிரி. அவருடைய பதவிப் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் ‘அனுதாபம்’ என்று போட்டிருக்கும். கையில் மைசூர்பாக் டப்பா. மூன்று தலைமுறையாக மைசூர் சமஸ்தானத்திலும் கர்நாடக அரசாங்கத்திலும் வேலை பார்த்த குடும்பம் என்று உட்காருவதற்கு முன்பே தெரியப்படுத்தினார்.

“டெஸ்மண்ட் அவரே, முப்பது வருஷ சர்வீஸ்ல என் மேல ஒரு ரிமார்க் கெடையாது. யாருக்கோ உதவி பண்ணிட்டான்னு ஒருத்தர் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அப்பிடிப்பட்டவனுக்கு இந்த வயசுல இப்பிடி ஒரு அவமானம். அந்த ஒண்ணைப் பாத்ததுலேந்து எனக்கு பிபி ஏறிட்டுது.”

“சார், பையனுக்கு ஒரு ஸ்டாம்ப் போட்டுட்டா நிலுவை தானா போயிரும். ஸொல்ப மனசு வைங்க.”

“அப்ளிகேஷனை வாபஸ் வாங்கிக்கோங்களேன். கோப்பை வந்தப்புறம் திருப்பிப் போடலாம்.”

“அதெல்லாம் ஆகாது சார். ஆர்டிஓல நான் பாக்காத வாபஸா? வாங்கினா அவ்ளோதான், சங்குதான்.”

சேஷகிரி காப்பியை ஆற்றிக் குடித்தார். மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த மார்க்கியானைக் கூப்பிட்டு, தோளில் தட்டி, நல்ல உடற்கட்டு என்று பாராட்டினார். பிறகு அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

“சரி. உங்களுக்கு வேண்டியது ஒரு முடிவு. கோப்பை விழாவுல மேடையிலேயே ஆர்டர் குடுத்துடறேன். என் கையால. ஷால், மைசூர் பேட்டா தலைப்பாகை, எல்லா மரியாதையோட. திருப்திதானே?”

டெஸ்மண்ட் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கார் தெருமுனை திரும்பியதும், “பாத்தியா பிரிஜெட், ஆபீஸர்ங்ககிட்ட எப்பிடிப் பேசணும்னு ஐயாவுக்குத் தெரியும்” என்றார். பிரிஜெட் மட்டன் எடுத்துவரச் சொல்லி அனுப்பினாள். போலந்திலிருந்து அக்கா வீடியோவில் வந்து அழுதாள், சிரித்தாள். அவனுக்காக வாங்கி வைத்திருக்கும் கட்டிலைக் காட்டினாள். மார்க்கியான் அன்றைக்கு இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டான்.

விழா ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நாடகீதே என்கிற கர்நாடக மாநிலப் பாட்டைப் பாடினார்கள், குத்துவிளக்கு ஏற்றினார்கள். டெல்லியிலிருந்து வந்தவர் கோப்பையைக் கொடுத்துவிட்டு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். அப்புறம் மார்க்கியானை மேடைக்கு அழைத்தார்கள். சந்தன மாலை போட்டு, ஜரிகைச் சால்வை போர்த்தி, தலையில் மைசூர் பேட்டா வைத்து, கையில் பழக்கூடையைக் கொடுத்தார்கள். தட்டேந்தி நின்றது ஸ்ரீவித்யா. மெமோ வாங்கியிருந்தாலும் முகத்தில் சிரிப்பை வைத்துக்கொண்டிருந்தார். பேட்டாவும் பழக்கூடையுமாக அந்த வெள்ளைக்காரப் பையன் மாப்பிள்ளை மாதிரி இருந்தான். பிரிஜெட் போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

சேஷகிரி கன்னடத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். மார்க்கியானுக்குக் கன்னடம் தெரியாது. அவன் ஒவ்வொரு கைதட்டலுக்கும் தலை குனிந்து வணங்கினான்.

“பெரியோர்களே, எங்களிடம் பலர் வருகிறார்கள். சிலர் வேலை கேட்கிறார்கள், சிலர் உயிர் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் கொடுப்பதற்கு நாங்கள் என்ன கடவுளா? ஆனால் காத்திருக்க வைக்காமல் ‘இல்லை’ என்று சொல்வது எங்கள் கையில் இருக்கிறது. அதில் நாங்கள் ஏழை பணக்காரன் பார்ப்பதில்லை. இந்த இளைஞர் ஆறு மாதம் தங்க அனுமதி கேட்டார். கொடுத்திருக்கலாம். ஒரு கையெழுத்துதான். ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி எங்கள் படி ஏற வேண்டாமா? லிஃப்ட் வேறு ஓடுவதில்லை. ஒரு மனிதனை அப்படி அலைய விடுவதற்கு என் மனம் ஒப்பவில்லை. இவருடைய துன்பத்தின் வேர் என்ன என்று யோசித்தேன். இவர் தம் ஊரைவிட்டு வெளியே இருக்கிறார். அதுதானே துன்பம்? அந்த வேரையே இன்று எங்கள் அலுவலகம் பிடுங்கி எறிகிறது. இவர் ஊருக்குப் போகிறார்! தாய்நாட்டுக்காகப் போராடப் போகும் இந்த வீரனை வழியனுப்பும் பாக்கியம் நமக்குக் கிடைத்திருக்கிறது.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. நாட்டைவிட்டு வெளியேறும் ஆணையைத் தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். மார்க்கியான் அதை இரண்டு கையாலும் வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டான். மைக்கைக் காட்டியதும், அன்று காலை பிரிஜெட் சொல்லிக்கொடுத்த ஒரே கன்னட வார்த்தையைச் சொன்னான். “தன்யவாதகளு!” மண்டபமே எழுந்து நின்றது.

டெஸ்மண்டுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. ‘ஊருக்குப் போகிறார்’ என்ற இடத்திலேயே அவர் எழுந்துவிட்டார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு ஓடினார். என்னென்ன கேட்க வேண்டும் என்று எல்லாம் அவர் தொண்டைக்கு வந்துவிட்டது. அயோக்கியன் என்ற வார்த்தை முதலில் நின்றது. மேடையில் ஏறியவுடன், “இதோ, நாலு வருஷமாகத் தங்க இடம் கொடுத்த வள்ளல்!” என்று அறிவித்து அவருக்கும் ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். தலையில் பேட்டாவை வைத்தார்கள். கேமராக்காரர், “சார், இந்தப் பக்கம்” என்றார்.

டெஸ்மண்டுக்கு வாழ்க்கையில் அதுவரை யாரும் சால்வை போர்த்தியதில்லை. மைக் வாய்க்கு நேராக வந்தது. அவர் வாயைத் திறந்தார்.

“எல்லாருக்கும் ரொம்ப நன்றி” என்று வந்தது.

நான் அவரைத் திட்டத் தயாராக இல்லை. நம் ஆட்களை அடித்தால் திருப்பி அடிப்பார்கள், ஏசினால் ஏசுவார்கள். சால்வை போர்த்திவிட்டால் மட்டும் ஒன்றும் செய்ய வராது. இதை சேஷகிரி குடும்பம் மூன்று தலைமுறையாக அறிந்து வைத்திருக்கிறது.

கீழே இறங்கியதும் மார்க்கியான் அவரைக் கட்டிக்கொண்டான். “எத்தன மாசம் குடுத்தாங்க, அங்கிள்?”

டெஸ்மண்ட் சால்வையின் நுனியைத் திருகிக்கொண்டு நின்றார். கண்ணாடிச் சட்டத்தை வாங்கி ஆங்கிலத்தில் இருந்ததைப் படித்துப் பார்த்தது பிரிஜெட்தான். “இது போற பேப்பர் கண்ணு. பத்து நாள்ல போயிரணும்னு எழுதியிருக்கு” என்றாள். அவன் சிரிப்பு உடனே போகவில்லை. முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அதற்குள் விழா ஏற்பாட்டுக்காரர் வந்து, பேட்டா வாடகைக்கு எடுத்தது என்று இரண்டு தலையிலிருந்தும் கழற்றிக்கொண்டு போனார்.

அந்தப் பத்து நாளில் டெஸ்மண்ட் ஏறாத படி இல்லை. வக்கீலிடம் போனார், கோர்ட் தீபாவளி லீவு என்றார்கள். போலந்துக்காரர்கள், தங்கும் முத்திரையோடு வாருங்கள் என்றார்கள். அயலார் அனுசரணை அலுவலகத்தில் விஷயம் முடிந்துவிட்டது என்றார்கள். பலகையில் பூஜ்யம் பளிச்சென்று எரிந்தது. ஏர்போர்ட்டில் பிரிஜெட் அவனை விடவே இல்லை. சேஷகிரி ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

எல்லை தாண்டிய அன்றே அவனைப் பிடித்துக்கொண்டார்கள். ஒன்றிரண்டு மாதம் ஏதோ பயிற்சி. கிறிஸ்துமஸுக்கு உடுப்பு போட்ட படம் ஒன்று அனுப்பினான். மொட்டை அடித்திருந்தான். “ஆன்ட்டி, இங்க சாப்பாட்டுல காரமே இல்ல” என்று எழுதியிருந்தான். பிப்ரவரியில் அக்கா போன் செய்தாள். அழுதாள். இவர்களுக்குப் புரிந்துவிட்டது. அடக்கம் செய்யப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லையாம். பிரிஜெட் அதற்குப் பிறகு டெஸ்மண்டிடம் தேவைக்கு மேல் பேசுவதில்லை. சால்வையை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள்.

ஈஸ்டர் முடிந்த வாரம், டெஸ்மண்ட் ஒரு பெண்ணுக்கு அல்சூர் ஏரி ரோட்டில் கியர் மாற்றச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓரமாக நிறுத்தச் சொல்லி எடுத்தார்.

“நமஸ்காரா சார், அயலார் அனுசரணை அலுவலகத்துலேந்து ஸ்னேஹா பேசறேன். மிஸ்டர் மார்க்கியான்தானே?” குரலில் நல்ல இனிமை. “எங்க சேவை எப்பிடி இருந்துச்சுன்னு ஒரு சின்ன சர்வே. அஞ்சுக்கு எத்தன மார்க் குடுப்பீங்க?”

“இது என் நம்பர்மா. அவன் இல்ல.”

“எப்ப சார் பேசலாம் அவர்கிட்ட?”

“அவன் செத்துட்டான்மா.”

அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம் கேட்டது. அந்தப் பெண் நல்ல பெண்தான், ஒரு நிமிஷம் தயங்கினாள்.

“ஸாரி சார். அந்த மாதிரி ஆப்ஷன் இதுல இல்ல. அப்ப அவர் சைடுலேந்து கம்ப்ளெயிண்ட் எதுவும் இல்லன்னு போட்டுக்கட்டா?”

டெஸ்மண்ட் போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பக்கத்து சீட்டுப் பெண், “என்ன ஆச்சு சார்?” என்று கேட்டாள்.

“தேங்க் யூ சார்” என்றாள் ஸ்னேஹா. “அஞ்சுக்கு அஞ்சு போட்டுட்டேன்.”